தொட்டிக்குள் ஒரு புல்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம், செழிப்பாக நின்ற அரிக்கா பாம் ஒன்றை என் கையாலேயே சாகடித்தேன். கூடத்தில் சன்னலோரம் இரண்டு ஆண்டுகள் வளர்ந்த செடி அது. தொட்டியின் அடித்துளை வழியே வேர் வெளியே வரத் தொடங்கியிருந்தது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் தட்டுக்கு ஓடியது. தொட்டி மாற்ற வேண்டிய நேரம் என்பதில் சந்தேகமில்லை. மொட்டைமாடியில் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் பலமுறை செய்து பழகிய வேலைதான் என்று துணிந்து இறங்கினேன்.

கவிழ்த்துத் தட்டியபோது வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே பாய் போலப் பின்னிக்கொண்டு வந்தன. கத்தியால் நான்கு பக்கமும் சீவினேன். அடியில் இரண்டு அங்குலத்தை அறுத்து எறிந்தேன். மீதியை விரலால் கோதிப் பிரித்தேன். "ஒரேடியா பெருசா வாங்கிக்கங்க அக்கா, மூணு வருஷத்துக்குத் தொட வேணாம்" என்று செடி விற்ற தம்பி அன்போடு சொல்லியிருந்தான்; அதன்படி பழையதைப் போல ஒன்றே முக்கால் மடங்கு அகலமுள்ள தொட்டி வாங்கியிருந்தேன். அடியில் கூழாங்கல் பரப்பினேன். செடி ஆடாமல் நிற்கட்டும் என்று தண்டின் அடியில் நாலு விரல் உயரத்துக்கு மண்ணை அணைத்தேன். எட்டாவது வாரம் நடுக்குருத்து பழுத்தது. தொட்டதும் கையோடு வந்தது. அடுத்த மாதத்துக்குள் தூரிலிருந்த மற்ற தண்டுகளின் குருத்துகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன.

செம்பருத்தி தாங்கிய வைத்தியத்தை இது ஏன் தாங்கவில்லை என்று தேடத் தொடங்கியபோது, நான் முதலில் போய் நின்ற இடம் தாவரவியல் நூல் அல்ல, தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் மரபியலில் நிலைத்திணைகள் இரண்டாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. வயிரம் வெளிப்புறம் உள்ளது புல், உட்புறம் உள்ளது மரம். புறக்காழ், அகக்காழ் என்பவை அங்கே வரும் சொற்கள். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் புல். வானளவு வளர்ந்தாலும் புல்தான். அதோடு நிற்காமல், ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை போன்ற உறுப்புப் பெயர்களைப் புல்லின் பக்கமும், இலை, தளிர், அரும்பு போன்றவற்றை மரத்தின் பக்கமும் அந்த நூல் வைக்கிறது. இன்றும் நாம் தென்னை இலை என்று சொல்வதில்லை. தென்னை ஓலை என்றுதான் வாயில் வருகிறது.

அடுக்குமாடிக்குள் வந்த செடியிடம் மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். அரிக்கா பாமின் ஓலையை நான் இலை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல் மாறியதோடு அதை நடத்தும் முறையும் மாறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஓலை என்று சொல்லிப் பழகியிருந்தால், கத்தியை எடுக்கும்போது ஒரு கணமாவது தயங்கியிருப்பேன்.

இதில் இன்னொரு வேடிக்கையான உண்மையும் உண்டு. அரிக்கா என்ற பெயரே நம் பக்கத்திலிருந்து போனது. பாக்கைக் குறிக்கும் தமிழின் அடைக்காய், மலையாளத்தின் அடைக்கா, போர்ச்சுகீசியர் வாயில் அரேக்கா ஆயிற்று. ஒரு காலத்தில் இந்தச் செடியைப் பாக்கு மரத்தின் இனமாக எண்ணி அந்தப் பெயரை இதற்கும் வைத்தார்கள். பிறகு அது வேறு பேரினம் என்று தெரிந்து அறிவியல் பெயர் சிலமுறை மாறியது. இப்போதைய பெயர் கிரிசாலிடோகார்பஸ் லூடெசென்ஸ். கடைப்பெயர் பழையபடியே தங்கிவிட்டது. இதன் சொந்த ஊர் மடகாஸ்கரின் கிழக்குக் கரை. உலகமெங்கும் வீட்டுக் கூடங்களில் நிற்கும் இச்செடி, அங்கே காட்டில் அருகி வருகிறது.

சரி, புல் என்றால் வேருக்கு என்ன? வேம்பின் தண்டிலும் வேரிலும் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய உயிரணு அடுக்கு இருக்கிறது. வளர்படை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அது உள்பக்கம் மரக்கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போகும். அதனால்தான் வேம்பு பருக்கிறது. வெட்டுக்காயத்தின் விளிம்பில் புதுத்தசை திரண்டு மெல்ல மூடுகிறது. நூல்போலக் கிளம்பிய வேர் இருபது ஆண்டில் தொடைப் பருமனாகிச் சுவரைப் பிளக்கிறது. பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உண்டு. ஒன்றிலும் இந்த வளர்படை கிடையாது. வேர் பிறக்கும்போது என்ன பருமனோ, சாகும்வரை அதே பருமன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வேரோடு சாய்ந்த புளியோ வேம்போ என்றால் அடியில் பருத்த வேர்கள் நாலைந்து திசைக்கு முறிந்து நிற்கும். சாய்ந்த தென்னையின் அடியில் அப்படி எதுவும் இல்லை. விரல் பருமனில், ஒரே அளவில், கயிற்றுக் கற்றை போலச் சல்லிவேர்கள் மட்டுமே. நன்கு வளர்ந்த ஒரு தென்னைக்கு நாலாயிரம் முதல் ஏழாயிரம் வேர்கள் வரை இருக்கும். முளைக்கும்போது விட்ட முதல் வேர் சீக்கிரமே மடிந்துபோகும். அதன் பின் வரும் வேர் அத்தனையும் தூரிலிருந்து, தண்டின் அடிப்பாகத்திலிருந்து, புதிது புதிதாகக் கிளம்புபவை. பருக்கத் தெரியாத செடி, எண்ணிக்கையைக் கூட்டிப் பிழைக்கிறது.

என் முதல் தவறு இங்கேதான். செம்பருத்தியின் வேர் தொட்டிக்குள் வட்டமடித்தால் அதைச் சீவியோ பிரித்தோ விடுவது நியாயம். வட்டமடித்த வேர் நாளடைவில் பருத்து, ஒன்றையொன்று இறுக்கி, தண்டின் கழுத்தையே நெரிக்கும். பாமின் வேர் பருக்காது, எனவே நெரிக்காது. எத்தனை சுற்றுச் சுற்றியிருந்தாலும் அது பழைய வேர். அதைப் பிரித்து விடுவதால் வரும் ஆதாயம் இல்லை. புதுமண்ணுக்குள் போகப்போவது அதன் இன்னும் உயிரோடிருக்கும் நுனிகளும், தூரிலிருந்து இனிமேல் இறங்கப்போகும் புதுவேர்களும்.

வெட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் புளோரிடாவில் டிமோதி பிராஷட், ஹென்றி டான்செல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். வெவ்வேறு பனையினங்களின் வேர்களைத் தூரிலிருந்து வெவ்வேறு தூரத்தில் வெட்டி, திரும்ப நட்டு, பின்னர் தோண்டி எண்ணினார்கள். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி பிழைத்துக் கிளைவிட்டது, எங்கே வெட்டினாலும் அப்படித்தான். அந்த மாநிலத்தின் சொந்த மரமான சபால் பாமில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. வெட்டுப்பட்டவை எல்லாம் தூர்வரை பின்னோக்கிச் செத்து, மரம் முழுக்க முழுக்கப் புதுவேர் விட வேண்டியிருந்தது. வேறு சில இனங்களில், தூரிலிருந்து எவ்வளவு நீளம் மிச்சம் விடப்பட்டது என்பதைப் பொறுத்துத் தேறும் விகிதம் கூடியது.

ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு வேற்றுமை. கூடத்தில் நிற்கும் செடி இதில் எந்தப் பக்கம் என்று கத்தியால் சோதித்துப் பார்ப்பது சரியான வழியல்ல. தென்னையைப் போன்ற கெட்டிக்காரச் செடியிலேயே பாதி வேர் போகிறது என்றால், வெட்டாமல் இருப்பதே புத்தி. நம் ஊரில் பனைக்கன்றை எடுத்து மாற்றி நடாமல் கொட்டையாகவே நேரடியாக ஊன்றுவதற்கும் இதே வகையான காரணம் இருக்கிறது. பனங்கொட்டை முளைத்ததும் நேரே கீழிறங்கி மண்ணுக்குள் ஆழத்தில் கிழங்கு கட்டுகிறது. கன்றைத் தோண்டினால் அந்த ஆழத் தொடர்பு அறுந்துபோகும். பனங்கிழங்கு அவித்துத் தின்ற எல்லாருக்கும் அதன் நீளம் தெரியும்.

வேரை விட்டுவிட்டு இனி தொட்டிக்கு வருகிறேன். இந்தப் பகுதிதான் எனக்குப் படிக்கப் படிக்க வியப்பாக இருந்தது. ஏனென்றால் இது செடியின் சங்கதியே இல்லை, முழுக்க இயற்பியல்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்கி, படுக்கை வாட்டில் உள்ளங்கையில் வைத்துப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டி, நின்றுவிடும். இப்போது பிழியாமல், அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும். அதே பஞ்சு, அதே தண்ணீர். என்ன மாறியது? உயரம் மட்டும். நுண்துளைகள் நீரைப் பிடித்து வைக்கும் விசையும் புவியீர்ப்பும் சமமாகும் ஒரு மட்டம் உண்டு. அதற்குக் கீழே உள்ள தண்ணீர் அடியில் துளை இருந்தாலும் வெளியேறாது. தொட்டி மண்ணிலும் அப்படியே. தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஓர் அடுக்கு சொதசொதவென்று நிற்கும். அந்த அடுக்கின் உயரம் மண்ணின் நயத்தைப் பொறுத்தது, தொட்டியின் உயரத்தை அல்ல. களிப்பான மண்ணில் அடுக்கு தடிமன். சரளையான கலவையில் மெல்லிசு.

அடியில் கூழாங்கல் போட்டால் இது குறையும் என்றுதான் நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் அம்மாவும் ஓட்டுச்சில்லுப் பரப்பித்தான் தொட்டி வைப்பார். நடப்பது நேர்மாறு. நயமான மண்ணின் துளைகள் நீரை இறுகப் பிடிக்கும், கல்லிடுக்கின் பெரிய துளைகள் பிடிக்காது. ஆகவே மேல்மண் கிட்டத்தட்ட முழுதாக ஊறும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. சொதசொத அடுக்கு தொட்டியின் அடியிலிருந்து கிளம்பி, கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. கல்லின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அதை வேருக்கு அருகில் தூக்கி விட்டோம். துளையில் மண் ஒழுகாதிருக்க ஒரே ஒரு சில்லு அல்லது கொசுவலைத் துண்டு போதும்.

ஈரம் ஏன் கொல்கிறது என்றால், வேரும் மூச்சுவிட வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர்நுனி மூச்சுத்திணறிச் சாகிறது, அழுகல் பூஞ்சைகள் பின்னால் வருகின்றன. மேலே ஓலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். நான் ஊற்றினேன்.

பெரிய தொட்டியின் ஆபத்தும் இதனோடு சேர்ந்ததே. அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். மண்ணின் அளவோ மூன்று திசையிலும் பெருகுகிறது. எட்டு அங்குலத் தொட்டியிலிருந்து அதே வடிவமுள்ள பத்து அங்குலத்துக்குப் போனால் மண் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். எட்டிலிருந்து பதினான்குக்குப் போன நான் ஐந்து மடங்குக்கு மேல் கொடுத்துவிட்டேன். அவ்வளவு மண்ணிலும் தண்ணீர் நிறைந்திருக்க, அதை உறிஞ்சிக் காயவைக்க வேர் நடுவில் ஒரு கைப்பிடிதான், அதையும் பாதி அறுத்திருந்தேன். வேர் இல்லாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்தது.

அப்படியென்றால் சிறிய தொட்டியிலேயே விட்டுவிடலாமா என்று கேட்கலாம். அதற்கும் அளவு இருக்கிறது. 2012இல் ஹென்ட்ரிக் பூர்ட்டரும் உடனிருந்தவர்களும் பல்வேறு செடிகளில் நடந்த 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொட்டியின் கொள்ளளவு இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 விழுக்காடு கூடியிருந்தது. குறுகிய தொட்டியில் இலைகளின் ஒளிச்சேர்க்கையே மந்தமாகிறது என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். வேருக்கு இடமில்லை என்ற சேதி மேலே இலைவரை எட்டிவிடுகிறது. இரண்டு அங்குலம் அகலம் கூட்டினாலே கொள்ளளவு இரட்டிக்கிறது என்று மேலே பார்த்தோம். அதுவே போதுமானது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அப்படிப் படிப்படியாகப் போகலாம். செடியே அடையாளம் காட்டும். நெருக்கடி முற்றிய பாம், கீழே இடமில்லாமல் வேரை ஊன்றித் தன்னையே மேலே தூக்கிக்கொள்ளும். தூர் தொட்டியின் விளிம்புக்கு ஏறி வரும். ஒரு ஓலை பழுத்தது என்பதற்காக மட்டும் தொட்டி மாற்ற ஓடக் கூடாது.

தண்டை மண்ணில் புதைத்த தவறுக்கும் பிராஷட்டின் இன்னொரு சோதனை பதில் தருகிறது. 1995இல் வெளிவந்தது. குட்டை ஈச்சை மரங்களைப் பழைய மட்டத்திலும், அதற்கு மேல் 15, 30, 60, 90 சென்டிமீட்டர் மண் மூடும்படியும் நட்டு, 15 மாதம் கழித்துப் பார்த்தார். பழைய மட்டத்தில் நட்டவையே நன்றாக இருந்தன. ஆழம் கூடக்கூட ஓலைகள் சுருங்கின. 90 சென்டிமீட்டர் புதைத்தவற்றில் பிழைத்தவை 40 விழுக்காடுதான், அவையும் மாங்கனீசுக் குறையோடு. ஆழத்தில் மாட்டிய வேர்ப்பந்துக்குக் காற்று எட்டவில்லை. தொட்டியில் நாம் அவ்வளவு புதைப்பதில்லை, ஆனாலும் பழைய தொட்டியில் மண் எந்த மட்டத்தில் தண்டைத் தொட்டதோ அதே மட்டம்தான் புதியதிலும்.

இவ்வளவும் படித்துவிட்டு, சென்ற ஆவணியில் இரண்டாவது அரிக்கா பாமுக்குத் தொட்டி மாற்றினேன். கத்திரி வெயிலைத் தவிர்த்தேன், ஏனென்றால் வேர் நிலைகொள்ளும்வரை ஓலை இழக்கும் நீரைக் குறைக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்க் கழிவுக் கட்டியை வாங்கி ஊறவைத்து மூன்று தண்ணீர் அலசினேன். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். பாமின் ஓலை நுனி கருகுவதற்கு அதுவே போதும். நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த ஆற்றுமணலின் பருக்கைகள் ஒரு பங்கு, மண்புழு உரமும் கருக்கிய உமியுமாக ஒரு பங்கு. இது என் கலவை. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும் என்பதுதான் நான் பார்க்கும் பதம்.

எடுப்பதுதான் கடினம். முதல் நாள் மாலையே தண்ணீர் ஊற்றி வேர்ப்பந்தைப் பதமாக்கினேன். மறுநாள் பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து, உருட்டி, சுற்றிலும் அழுத்தினேன். அசையவில்லை. தண்டைப் பிடித்து இழுக்கக் கை துடித்தது. இழுக்கக் கூடாது, தண்டும் வேரும் சேருமிடத்தில் எல்லா எடையும் விழும், உள்ளே எது அறுந்தது என்று வெளியே தெரியாது. குருத்துக்குள் நடக்கும் சேதமும் அப்படித்தான், உடனே தெரியாது. தென்னையில் ஓர் ஓலை கருவாகி வெளியே தலைகாட்டவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கத்தரிக்கோலை எடுத்துத் தொட்டியை மேலிருந்து கீழாக இரண்டு பக்கம் வெட்டினேன். நூறு ரூபாய்த் தொட்டி போயிற்று, வேர் ஒன்றுகூட அறுபடவில்லை. மண் தொட்டியாக இருந்திருந்தால் சுத்தியலால் உடைத்திருப்பேன்.

தூரில் எட்டு தண்டுகள் இருந்தன. பிரித்தால் இரண்டு தொட்டியாகும் என்று வீட்டில் சொன்னார்கள். அரிக்கா பாம் தூர்கட்டி வளரும் செடி, அதோடு நர்சரியில் ஒரே பையில் பல நாற்றுகளைச் சேர்த்தும் வைப்பார்கள். எப்படியிருந்தாலும் அந்த வேர்கள் இப்போது ஒரே பின்னல். பிரிப்பது என்றால் அறுப்பது. வேண்டாம் என்றேன். வேர்ப்பந்தை இரு கையாலும் அடியில் தாங்கி, இரண்டு அங்குலம் மட்டும் அகலமான புதுத்தொட்டியில் பழைய மட்டத்தில் இறக்கி, சுற்று இடைவெளியில் கலவையைச் சிறு குச்சியால் மெல்லச் செலுத்தினேன். அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டினேன். இரண்டு மாதத்துக்கு உரம் இல்லை.

மூன்றாம் வாரம் அடி ஓலை ஒன்று மஞ்சளானது. நறுக்கிவிடத் தோன்றும், நறுக்கவில்லை. பாம்கள் பொட்டாசியம் போதாதபோது மூத்த ஓலையிலிருந்து அதை உருவி இளங்குருத்துக்கு அனுப்பும். மஞ்சள் ஓலை என்பது இன்னும் தீராத சேமிப்பு. அதை வெட்டினால் செடி அடுத்த ஓலையில் கைவைக்கும். முழுதாகக் காய்ந்து பழுப்பான பிறகே எடுத்தேன்.

செடி பிழைத்ததா என்று அறிய ஓலையைப் பார்த்துப் பயனில்லை. ஏற்கெனவே விரிந்த ஓலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். பாம் வளர்ப்பவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. விரியாத குருத்தும் அதை ஒட்டி நிற்கும் மட்டையும் சேர்ந்த இடத்தில், இரண்டின் குறுக்காகவும் பேனாவால் ஒரே கோடு. விரிந்த ஓலையின் மட்டை இனி நீளாது. குருத்து வளர்ந்தால் அதன் மேலுள்ள பாதிக்கோடு மட்டும் மேலே நகரும். தொட்டி மாற்றிய அன்று மாலை கறுப்பு மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, தினமும் காலையில் காபி டம்ளரோடு போய்க் குனிந்து பார்ப்பேன். முதல் வாரம் கோடு கோடாகவே இருந்தது. பதினெட்டாம் நாள் நடுவில் ஒரு முறிவு தெரிந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். நான்கு மில்லிமீட்டர்.